பதினெட்டு வீசைச் சைக்கிள்

கால்நடை மருந்தகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசியை எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அதை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மறந்துவிட்டால் மாடே ஓர் உதை விட்டு ஞாபகப்படுத்தும். நான் சொல்ல வந்தது சைக்கிளைப் பற்றி. மாட்டு வைத்தியத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். முப்பது வருஷம் இந்த உத்தியோகம் பார்த்தவன் நான். எந்த மாடும் என்னை அவமானப்படுத்தியதில்லை. ஒரு சைக்கிள் படுத்தியது.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. சேலம் மாட்டாஸ்பத்திரியில் எனக்குத் தற்காலிக வேலை. ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குத் தடுப்பு ஊசி போட வேண்டும். போவதற்குச் சொந்தமாகச் சைக்கிள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் வைத்திருந்த சைக்கிள், உத்தியோகம் முடிந்து தாய்நாட்டுக்குத் திரும்பிய ஒரு சர்வே துரையுடையது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே சீமையில் செய்து, கப்பலேறி வந்தது. திரும்பும்போது துரை அதை ஏன் கூடவே எடுத்துப் போகவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முழுக்க எஃகு. மற்ற சைக்கிள்களுக்குக் குறுக்குக் குழாய் ஒன்று என்றால் இதற்கு இரண்டு. சங்கிலியை மூட ஓர் இரும்புப் பெட்டி. முன்னால் ஒரு கேரியர், பின்னால் ஒரு கேரியர். தேங்காய் மூடி அளவு பித்தளை மணி. ஸ்டாண்டை மட்டும் தனியாகப் பூமியில் நட்டால் அதில் ஓர் எருமையைக் கட்டலாம். நம் பக்கத்து வண்டித்தடங்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாதித் தூரம் மிதிக்கலாம். மீதித் தூரம் புழுதியிலும் ஓடை மணலிலும் சைக்கிளை நாம்தான் தோளில் சுமக்க வேண்டும்.

ஓர் ஆடி மாதம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். புதுச்சத்திரத்துக்கு மேற்கே ஓர் ஊரில் வெக்கை நோய் கண்டிருக்கிறது என்றார். வெக்கை என்றால் அந்தக் காலத்தில் குடியானவர்களுக்கு எமன். இன்றைக்கு ஒரு மாடு கண்ணில் நீர் வடித்து நிற்கும். அடுத்த வாரம் கட்டுத்தறி முழுவதும் காலியாகிவிடும். ஆடியில் மாடு போனால் உழவு போச்சு, உழவு போனால் அந்த வருஷமே போச்சு.

"அதைச் சுத்தி ஆறு ஊர் இருக்கு. மூணு நாள்ல எல்லா மாட்டுக்கும் போட்டு முடிச்சிருக்கணும். அதுக்கு மேலே வெயில்ல இந்த மருந்து தாங்காது" என்றார் டாக்டர். "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்."

"முடியும் சார். சைக்கிள்தான் கொஞ்சம் கனம்."

"அப்ப கனத்தைக் குறைங்க" என்றார், தலையைத் தூக்காமலே. அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து நூல் கடையில் பெரிய தராசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை அதில் தொங்கவிட்டோம். பதினெட்டு வீசை. இன்றைய கணக்கில் இருபத்தைந்து கிலோ. நூல் கடைக்காரர் தராசின் மீது சந்தேகப்பட்டு மறுபடியும் நிறுத்தார். அதே பதினெட்டு வீசை.

கழற்ற ஆரம்பித்தோம். மணி போனது, விளக்கு போனது, ஸ்டாண்டு போனது, மட்கார்டு இரண்டும் போனது, சங்கிலிப் பெட்டி போனது. ஒவ்வொன்றையும் கழற்றியதும் நான் தராசுக்கு ஓடினேன். மனிதனுக்கு இதில் ஒரு போதை ஏறிவிடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கால் வீசை குறைந்ததும் அரை வீசை கேட்கிறது மனசு. காற்றடிக்கும் பம்பை எடுத்துக் கீழே வைத்தேன். முன் பிரேக்கைப் பிடுங்கினேன். இரண்டு கேரியர்களையும் கழற்றினேன்.

"மருந்துப் பெட்டியை எதுல வெப்பீங்க தம்பி?" என்றார் பாய்.

"முதுகுல கட்டிக்குவேன்."

"அப்பவும் அந்தக் கனத்தை நீங்கதானே மிதிக்கணும்?"

"அது என் கனம் பாய். சைக்கிள் கனமில்லை."

பாய் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேரியர்களை ஓரமாக எடுத்து வைத்தார். அடுத்து நான் கைப்பிடிக் குழாயில் வரிசையாக ஓட்டை போடச் சொன்னேன். குழாயின் உள்ளே காற்றுதானே இருக்கிறது, ஓட்டை போட்டால் இரும்பு மட்டும் குறையும் என்பது என் விஞ்ஞானம். பெடல் தண்டில் ஓட்டை, சீட்டுக் கம்பியில் ஓட்டை, சீட்டுத் தோலில்கூட ஓட்டை. பாய் துளைபோடும் கருவியைச் சுழற்றிக்கொண்டே முனகினார்.

"தம்பி, எதைக் கழட்டலாம்னு கேக்குறீங்க. அது ஏன் அங்க இருந்துச்சுன்னு ஒரு தடவையாவது கேளுங்க. சீமையில இதைச் செஞ்சவன் பைத்தியக்காரனா, வேலை இல்லாம இத்தனையும் வெச்சு அனுப்ப?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த வயதில் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், புத்தி மெதுவாகத்தான் வரும். டயரின் மேல்ரப்பரைச் சீவித் தரும்படி கேட்டபோது பாய் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்" என்றார். அதனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நானே கத்தியால் சீவினேன். கடைசியில் பதின்மூன்று வீசை. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை கிளம்பினேன். முதுகில் பெட்டி, தலையில் துண்டு, கீழே சல்லடை. நெடுஞ்சாலையில் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சங்கிலிப் பெட்டி எதற்காக இருந்தது என்ற கேள்விக்கு மட்டும் ஏழாவது மைலில் பதில் கிடைத்தது. சங்கிலி என் வேட்டியின் ஓரத்தைக் கவ்வியது, கவ்வியதை விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே போனது. ரோட்டோரத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து அரிவாளால் அறுத்து என்னை மீட்டார். மீதமிருந்ததை வேட்டி என்று சொல்ல முடியாது. துண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு சர்க்கார் உத்தியோகத்தைத் தொடர்ந்தேன்.

புதுச்சத்திரத்தில் மேற்கே திரும்பியதும் ஆடிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. உடனே எங்கிருந்தோ குழல் ஊதும் சத்தம் கேட்டது. யாரோ நன்றாக ஊதுகிறார்கள் என்று ரசித்துக்கொண்டே மிதித்தேன். வேகமாக மிதித்தால் சத்தம் உச்சத்துக்குப் போகும், மெதுவாக மிதித்தால் இறங்கும். என்னோடு ஒத்துப் பாடுகிறானே என்று வியந்தேனே தவிர, கைப்பிடி ஓட்டைகளில் காற்றுப் புகுந்து அப்படி ஊதுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஊரில் மாடுகளைக் காணோம். "மேயப் போயிருக்குதுங்க" என்றார்கள். இரண்டாவது ஊரில் ஒரு கிழ எருமை மட்டும் இருந்தது. மறுநாளும் அதே கதை. இரண்டு நாளில் நான்கு ஊர். ஊசி போட்டது ஒன்பது மாட்டுக்கு. சைக்கிள் வேகமாகத்தான் போகிறது, நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்கிறேன், ஆனாலும் மாடுகள் என்னைவிட வேகமாகப் போய்விடுகின்றன.

செவ்வாய்க்கிழமை புதுச்சத்திரத்துக்குத் திரும்பும் வழியில், ஓர் இறக்கத்தில், மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் தன் செம்மறிக் கூட்டத்தோடு எதிரே வந்தார். முன் பிரேக் எதற்காக இருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை வழிவிடாமல் நின்று, விழுந்த எனக்கு மெத்தையாயின. ஆட்டுக்காரர் என்னைத் தூக்கி நிறுத்தி, தூசியைத் தட்டிவிட்டு, கும்பிடு போட்டார்.

"ஏனுங்க சாமி, இந்த ஊதல் உங்க வண்டிதானுங்களா? ரொம்ப ஒத்தாசைங்க."

"என்ன ஒத்தாசை?"

"முன்னெல்லாம் ஊசிக்காரரு எப்ப வருவாருன்னே தெரியாதுங்க. இப்ப அரை மைலுக்கு முன்னாலயே சத்தம் கேட்டுருதுங்களா, மாட்டை ஓட்டி ஒளிக்கச் சனங்களுக்குச் சவுகரியமா இருக்குதுங்க."

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வீசை இரும்பைக் குறைத்து, அதற்குப் பதிலாக ஊருக்கு ஊர் தண்டோரா போடும் யந்திரத்தை அல்லவா செய்திருக்கிறேன்! பெட்டியில் முக்கால்வாசிக்கு மேல் மருந்து அப்படியே இருந்தது. மறுநாள் சாயங்காலத்தோடு அது வெறும் தண்ணீர்.

புதன்கிழமை காலையில் எல்லா ஓட்டைகளையும் களிமண் வைத்து அடைத்தேன். களிமண் எடை ஏறுகிறதே என்று அந்த நேரத்திலும் மனசு அடித்துக்கொண்டதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மீதி மருந்தைக் காட்டூரில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறு ஊரிலும் பெரியது அது. நோய் கண்ட ஊருக்கு மிகப் பக்கம். இரண்டு ஊர் மாடுகளும் ஒரே ஓடையில்தான் தண்ணீர் குடிக்கும். காட்டூரை விட்டுவிட்டால் வெக்கை அங்கே போய், அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் போகும்.

ஆடிக் காற்று களிமண்ணைக் காயவைக்கும் என்று நான் எண்ணவில்லை. காட்டூர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. முதலில் சன்னமாக ஒரு குரல், பிறகு இன்னொன்று, ஊருக்குள் நுழையும்போது முழு நாதஸ்வரக் கச்சேரி.

ஊருக்குள் ஒரு மாடு இல்லை. கட்டுத்தறிகளில் சூடாறாத சாணம். அந்த ஊரில் பாவாயி என்று ஒரு பெண்மணி இருந்தார். நாற்பது வயது இருக்கும். பெரிய பண்ணையத்தின் மூத்த மருமகள். மாமனார் முதல் பண்ணையாள் வரை எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவர்தான் என்னை எதிர்கொண்டார்.

"வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்க."

"மாடெல்லாம் எங்கீங்க அக்கா?" நானும் ராசிபுரம் பக்கத்துக்காரன்தான், அந்தப் பேச்சு எனக்குத் தானாக வந்துவிடும்.

"மாடுங்களா? எங்கூர்ல ஏதுங்க மாடு?"

"அப்ப இந்த மோரு?"

"பக்கத்தூரு மோருங்க" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"அந்தத் தொட்டியில கழனித் தண்ணி இருக்குது. பிண்ணாக்கு மிதக்குது. அது ஆருக்குங்க?"

பாவாயி ஒரு கணம் யோசித்தார். "எங்க மாமனாருக்குங்க" என்றார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் இருமினார். ஆனால் மறுக்கவில்லை.

வாதாடிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. கோபத்தோடு சைக்கிளைத் திருப்பினேன். அங்கேயே ஒரு வேலமுள் பின்சக்கரத்தில் ஏறியது. சீவாத டயராக இருந்தால் முள்தான் முறிந்திருக்கும். என் டயர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே டியூபும் நாராகிவிட்டது. ஒட்டுப்போட வழியில்லை, காற்றடிக்கப் பம்பும் இல்லை. அது அம்மாபேட்டையில் பத்திரமாக இருந்தது.

நான் போகாவிட்டால் மாடுகள் வீடு திரும்ப முடியாது அல்லவா? அதனால் ஊரே உதவிக்கு வந்தது. அவ்வளவு அக்கறையான ஜனங்களை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை.

"காத்துத்தானுங்களே போச்சு? உள்ளுக்கு வேற எதாச்சும் வெச்சுத் திணிச்சாப் போச்சுங்க" என்றார் பாவாயி.

போரிலிருந்து காய்ந்த கடலைக்கொடியைக் கொண்டுவந்தார்கள். காய்ந்த கொடியை முறுக்கினால் ஒடிகிறது என்று, மாமனாருக்கு வைத்திருந்த அந்தக் கழனித் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். பிண்ணாக்கும் உப்பும் சொட்டச் சொட்டக் கயிறாகத் திரித்து, நாலு பேர் சேர்ந்து டயருக்குள் திணித்து, மேலே நாரால் கட்டினார்கள். "அருமையா இருக்குதுங்க, நேரா ஊடு போய்ச் சேருங்க" என்று கிழக்குப் பார்த்துத் தள்ளியும் விட்டார்கள்.

காற்று இப்போது முதுகுப் பக்கம். ஊரைத் தாண்டிக் கால் மைலில் ஓடை. முதலில் ஒரு கன்று ஓடைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி மோந்து பார்த்தது. அடுத்து ஓர் எருமை. அதன் பிறகு கரை முழுவதும் கொம்பு. ஆடிப் பஞ்சத்தில் வைக்கோலுக்கே வழியில்லாமல், ஒரு வாரமாகச் சந்தேகம் வந்தபோதெல்லாம் ஓடைக்குள் ஓட்டப்பட்டு வயிறு ஒட்டிப் போன மாடுகள் அவை. கடலைக்கொடியில் பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றி, காற்று வாக்கில் அதன் வாசனையை நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தும்புக் கயிறுகளை இழுத்துக்கொண்டு எல்லாம் என்னை நோக்கி ஓடி வந்தன.

எனக்குச் சைக்கிளை விட்டுவிட்டு நிற்கத் தோன்றவில்லை. சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே உயிரைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். எதிர்காற்று என்பதால் குழல் மறுபடி ஊத ஆரம்பித்தது. கிழிந்த டயரிலிருந்து கொடி தொங்க, முன்னால் நான், பின்னால் காட்டூரின் ஆஸ்தி முழுவதும். ஊர் ஓரத்தில் படல் திறந்திருந்த ஒரு பட்டி தெரிந்தது. முன் பிரேக் இல்லாத, பின் பிரேக் பிடிக்காத சைக்கிள் தானாகவே அதற்குள் போய் முள்வேலியில் மோதி நின்றது. நான் கல்தூணில் ஏறிக்கொண்டேன். மாடுகள் உள்ளே வந்து சைக்கிளைச் சூழ்ந்துகொண்டு டயரைத் தின்ன ஆரம்பித்தன. தூணின் மேலிருந்து எண்ணினேன். நாற்பத்தொரு உருப்படி.

ஊர் ஓடி வந்தது. யாருக்கும் என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "கழனி குடிக்கிற மாமனாருங்க உங்களுக்கு இத்தனை பேருங்களா அக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமனாரும் சிரித்தார். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. படலைச் சாத்திவிட்டு, சைக்கிளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"சிரிக்கறது இருக்கட்டுமுங்க. இந்த வண்டி வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க அக்கா."

"ஓட்டையெல்லாம் ஆருங்க போட்டது?"

"நாந்தானுங்க."

"எதுக்குங்க?"

"நல்லதுக்குன்னு நெனச்சுத்தானுங்க போட்டேன்."

"எங்க மாட்டுக்கு ஓட்டை போட வந்திருக்கறதும் நல்லதுக்குத்தானுங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பல வருஷங்கள் கழித்தும், கண்ணை மூடினால் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. நண்பர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மாடுகள் பட்டிக்குள் இருக்கின்றன. படல் சாத்தியிருக்கிறது. சர்க்கார் உத்தரவு என் பையில் இருக்கிறது. மணியக்காரரை வரவழைத்து, போலீஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லா மாட்டுக்கும் ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டுவிட்டு, வேலையைக் காப்பாற்றிக்கொண்டு போயிருப்பேன். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்மணி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. தூணிலிருந்து இறங்கினேன்.

"வண்டிக்கு நோவு ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருந்ததை நான் அவசரத்துல கெடுத்துப்போட்டேன். மாட்டுக்கு வர்ற நோவு நெசமுங்க. நோவு வந்த ஊருல குழி தோண்டறதைப் பார்த்துட்டுத்தான் வாரேன்."

"போன வருசம் எங்கம்மா ஊட்டுல இதே மாதிரி ஒருத்தரு வந்து ஊசி போட்டாருங்க. மூணாம் நாளு செவலைக் காளை செத்துப்போச்சு. எங்கப்பன் அந்தக் கவலையிலயே படுத்துட்டாரு" என்றார் பாவாயி. அவர் ஏன் மாட்டை ஒளித்தார் என்று அதுவரை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"அந்தக் காளைக்கு நோவு முன்னாலயே இருந்திருக்குமுங்க. வந்தவரு வாயைத் திறந்து பார்த்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். பார்த்திருக்க மாட்டாரு. மூணு நாள்ல ஆறு ஊரு முடிக்கோணும்னு அவருக்கும் சொல்லியிருப்பாங்க" என்றேன். "நான் ஒண்ணொண்ணா வாயைத் திறந்து பார்க்கறேனுங்க. நோவு இருந்தா ஊசி போட மாட்டேன், இது பொழைக்காதுன்னு சொல்லிப்போடறேன். இல்லாததுக்கு மட்டும் போடறேன்."

"அதுக்கப்புறம் ஒண்ணு ஆச்சுன்னா?"

"சைக்கிளை எடுத்துக்கங்க."

"அதை வெச்சு என்ன பண்றதுங்க, ராகி சலிக்கறதுங்களா? அதெல்லாம் வேண்டாம். பத்து நாளைக்கு இங்கியே இருங்க. ஒவ்வொரு நாளும் எங்க மூஞ்சியப் பார்த்துப் பதில் சொல்லோணும்."

சரி என்றேன். பாவாயி தன் வண்டிக்காளை இரண்டையும் முதலில் பிடித்து வந்தார். மூக்கணாங்கயிற்றை அவரே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய், கண், காதுச் சூடு என்று நிதானமாகப் பார்த்தேன். ஊசியை எடுத்தவன் காளையின் வாயை மறுபடியும் திறந்து பார்த்தேன்.

"இப்பத்தானுங்களே பார்த்தீங்க" என்றார்.

"பயமா இருக்குதுங்க அக்கா."

"எனக்குந்தான். போடுங்க."

பொழுது சாய்வதற்குள் நாற்பது மாட்டுக்குப் போட்டு முடித்தேன். பெட்டியில் மிஞ்சியது அன்றோடு தண்ணீர்தான். நாற்பத்தொன்றாவது ஒரு கிடாரி. பாவாயியின் சொந்தக் கிடாரி, அவர் கையால் சோறு தின்னும் செல்லம். கண்ணில் நீர் கோத்திருந்தது, வாய்க்குள் தவிடு ஒட்டினதுபோலப் புண். இதற்குப் போட மாட்டேன், தனியாகக் கட்டுங்கள், இது பிழைக்காது என்றேன். சொல்லாமல் ஓர் ஊசியைக் குத்திவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! அந்தச் செவலைக் காளைக்கு ஊசி போட்டவர் அதைத்தான் செய்திருப்பார்.

கிடாரி நான்காம் நாள் செத்துப் போனது. பாவாயி என்னைத் திட்டவில்லை. குழி மூடும் வரை அங்கேயே நின்றார். "ஓடைக்குள்ள ஒளிச்சு வெச்சேனே, அந்தூரு மாடு குடிச்ச தண்ணியத்தானே இதுவும் குடிச்சிருக்கும். நாந்தானுங்களே ஓட்டீட்டுப் போனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கூட நின்றேன். அதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

மறுநாள் டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு பெட்டி வண்டியில் வந்து சேர்ந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் ஊசி போட்ட மாடுகளையெல்லாம் பார்த்துவிட்டு, பட்டி ஓரத்தில் டயரில்லாமல் கிடந்த பொருளைப் பார்த்தார்.

"என்ன இது?"

"சைக்கிள் சார். நீங்கதான் கனத்தைக் குறைக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னது உங்க படுக்கை மூட்டையை ஐயா!" என்றார். பிறகு, நீங்கள் கேட்கும் நாளில் புது மருந்து அனுப்புகிறேன், மீதி ஐந்து ஊரை உங்கள் இஷ்டப்படி முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நாள் கணக்குச் சொல்லாத உத்தரவு அது ஒன்றுதான்.

பத்து நாளும் காலையில் எழுந்ததும் நானும் பாவாயியும் கட்டுத்தறி கட்டுத்தறியாகப் போவோம். மாடுகள் அசை போடுகின்றனவா என்று பார்ப்போம். ஒவ்வொரு நாளும் நாற்பதும் அசை போட்டன. பதினோராம் நாள் காலையில் நான், டாக்டர் அனுப்பிய புது மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எந்தூருக்குங்க?" என்றார் பாவாயி.

சொன்னேன். முதல் நாள் மாடெல்லாம் மேயப் போயிருப்பதாகச் சொன்ன ஊர் அது.

"அங்க எங்க நாத்தனார் ஊடு இருக்குது. நானும் வாரேன்."

வண்டி பூட்டவில்லை. அந்த இரண்டு காளைகளையும் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பெட்டியோடு நான் பின்னால் நடந்தேன். மூன்று மைல் தூரம், அவசரப்படாமல் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் ஜனங்கள் வெளியே வந்து காளைகளைச் சுற்றி நின்றார்கள். கழுத்தில் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்கள், வாயைத் திறந்து பார்த்தார்கள். வெக்கை இருக்கும் ஊரிலிருந்து இரண்டு காளைகள் திடமாக நடந்து வந்து நிற்கின்றன. மேயப் போன மாடுகள் ஒவ்வொன்றாக வீடு திரும்ப ஆரம்பித்தன.

கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனம்மா, அன்னிக்கு ஊதீட்டு வந்தவரு இவருதானுங்களே? இவர நம்பலாமுங்களா?" என்று பாவாயியிடம் கேட்டார்.

"மாட்டுக்குத் தாராளமா நம்பலாமுங்க" என்றார் பாவாயி. "சைக்கிள் பக்கம் மட்டும் உட்டுறாதீங்க."